யார் வாயிலும் தாம்பூலம் விழவில்லை

திருவானைக்காவில் ஒரு கதை சொல்வார்கள். திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்த வரதன் என்பவன் ஓர் இரவு அம்மன் சந்நிதியில் தூங்கிப்போனான். அதே சந்நிதியில் வேறொருவன் கல்வி வரம் வேண்டித் தவம் கிடந்தான். தாம்பூலம் தரித்த வாயோடு வந்த அகிலாண்டேசுவரி அதை அவன் வாயில் உமிழப்போக, அவன் அருவருத்து மறுத்துவிட்டான். தாம்பூலம் வரதன் வாயில் விழுந்தது. விடிந்து எழுந்தபோது அவன் கவி காளமேகம்.

இந்தக் கதையை நம்பாத பகுத்தறிவாளர்கூட இதன் சாரத்தை நம்புகிறார். இலக்கியக் கூட்டங்களிலும் நேர்காணல்களிலும் புத்தகக் கண்காட்சி மேடைகளிலும் அது வேறு சொற்களில் வருகிறது. எழுத்தைச் சொல்லித்தர முடியாது. உள்ளே இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. பயிற்சி என்று உட்கார்ந்தால் எழுத்து செத்துப்போகும். நிறையப் படி, வாழ்க்கையைப் பார், அது போதும். இப்படிச் சொல்பவர்களில் பலர் நல்ல எழுத்தாளர்கள். அவர்கள் சொல்வதாலேயே எழுத வரும் பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். நான் இதை முழுவதுமாக மறுக்கிறேன். இது தமிழ் மரபுக்கே பொருந்தாத கருத்து. அது செய்யும் தீங்கும் சிறியதல்ல.

காளமேகத்திலிருந்தே தொடங்கலாம். அவர் பேரில் வழங்கும் பாட்டுகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை. பாம்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் சிலேடை. தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு பாட்டு, ககர வரிசையை மட்டும் வைத்து இன்னொன்று. திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரோடு நடந்ததாகச் சொல்லப்படும் போட்டி, கேட்டவர் கேட்டபடி, கேட்ட நொடியில் பாடவேண்டிய போட்டி. வரத்தால் கவியானவர் என்று நாம் கொண்டாடும் ஒருவர் விட்டுச்சென்றவற்றில் பெரும்பகுதி, கட்டுப்பாடு வகுத்துக்கொண்டு செய்த வேலை. ஒரே பாம்பை எடுத்து மூன்று பொருள்களோடு பொருத்திப் பார்ப்பவனை நான் அருள் வந்தவன் என்று சொல்லமாட்டேன். கை பழக்குகிறவன் என்பேன். தாம்பூலத்தை நினைவில் வைத்த நாம் இந்தப் பாம்பை மறந்துவிட்டோம்.

இன்னும் பின்னால் போனால் சான்று இன்னும் வலுவாகிறது. ஐங்குறுநூறு ஐந்து புலவர்களின் நூல். திணைக்கு நூறாக ஐந்நூறு செய்யுள். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கிறது. மருதத்தில் ஓரம்போகியார் நண்டை வைத்துப் பத்து எழுதுகிறார், எருமையை வைத்துப் பத்து எழுதுகிறார். குறிஞ்சியில் கபிலருக்குப் பன்றிக்குப் பத்து, குரங்குக்குப் பத்து, கிளிக்குப் பத்து, மயிலுக்குப் பத்து. ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு அடிக்குள் முடிய வேண்டும். நெய்தலில் அம்மூவனாரின் வெள்ளாங்குருகுப் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் செய்யுளுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: குருகின் குஞ்சு, அதைக் காணப் போன நாரை. அந்த இரண்டடியை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் சில அடிகளில் ஒவ்வொரு முறையும் வேறொரு மனநிலைக்கு நகர்கிறார். தொகுத்தவர் கைவண்ணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே தொடக்கத்தைப் பத்து முறை எழுதியது புலவரே.

இது வகுப்பறைப் பயிற்சியாக எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று ஒரு பட்டறையில் யாராவது, "இதோ இரண்டு வரி, இதில் தொடங்கிப் பத்து விதமாக எழுதுங்கள்" என்று சொன்னால், செயற்கை, அந்நிய இறக்குமதி என்று முகம் சுளிப்பவர்கள், உ.வே.சா. 1903இல் பதிப்பித்துக் கையில் கொடுத்த இந்த நூலைத் திறந்து பார்க்க வேண்டும். துறை என்பதே ஒரு நிலைமையைக் கொடுத்து எழுதச் சொல்வதுதான். யார் பேசுகிறார், யாரிடம், எந்த நேரத்தில் என்று மூன்றும் வகுக்கப்பட்டுவிடும். மிச்சம் புலவர் கையில். அந்த வேலிக்குள்தான் சங்கப் பாட்டின் அத்தனை உயிரும் நிற்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகையாகப் பிரிக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். ஒரு பக்கத்தைப் பத்து வரியாகச் சுருக்கு, பத்து வரியை ஒரு பக்கமாக விரி, வேற்றுமொழியிலிருந்து கொண்டுவா. எழுதப் பழகுகிறவர் கைக்கு இதைவிடச் சுருக்கமான பயிற்சித் திட்டம் எனக்குத் தெரியாது.

சிவப்பிரகாச சுவாமிகள் வரலாற்றில் ஒரு செய்தி வழங்குகிறது. தம்மிடம் படிக்க வந்த அவருக்கு ஆசிரியர் வெள்ளியம்பலவாணர் வைத்த சோதனை இது: கு என்ற எழுத்தில் தொடங்கி, நடுவே ஊருடையான் என்ற சொல் வந்து, கு என்ற எழுத்திலேயே முடியும் வெண்பா ஒன்று செய்ய வேண்டும். அவர் செய்தார். பின்னாளில் இதழ் குவியாமல், இதழ் ஒட்டாமல் சொல்லக்கூடிய எழுத்துகளை மட்டும் கொண்டு திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியையும் பாடினார். பாரதிக்கு எட்டயபுரத்தில் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன கதை ஊரறிந்தது. பாரதிதாசனை உலகுக்குக் காட்டிய முதல் பாட்டும், பாரதி "எழுது" என்று சொல்லி உட்காரவைத்த இடத்தில் பிறந்ததாகவே சொல்லப்படுகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. படித்தார், உ.வே.சா.விடம் படித்த கி.வா.ஜகந்நாதன், செய்யுள் எழுதப் பழகுகிறவர்களுக்காகவே 'கவி பாடலாம்' என்ற நூலை எழுதினார். கற்றுக்கொடுத்தல் அறுபடாத ஒரு கொடியாக நம்மிடம் இருந்தது. அதை அறுத்தது உரைநடைக் காலத்து இலக்கியவாதியின் பெருமித மனப்பான்மை.

செய்யுளுக்கு இலக்கணம் உண்டு, உரைநடைக்கு என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். சிறுகதையாளன் சுதந்திரமானவன், அவன் எதை வைத்துப் பழகுவான் என்று கேட்பார்கள். செகாவைப் பாருங்கள். மருத்துவம் படித்துக்கொண்டே, குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காக, 1882 முதல் அவர் லேய்கின் நடத்திய 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை இதழுக்குத் துணுக்குக் கதைகள் எழுதினார். நூறு வரிக்குள் முடிய வேண்டும் என்பது அங்கே நியதி. வாரம் தவறாமல் நூறு வரி. முன்கதை சொல்ல இடமில்லை, வர்ணிக்க இடமில்லை, ஒருவன் வாயைத் திறந்ததும் அவன் யாரென்று தெரிந்துவிட வேண்டும். பின்னாளில் அவர் எழுதிய பெருங்கதைகளில் நாம் வியக்கும் சிக்கனம் எங்கே பழகியது என்று இதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் தம் சொந்தக் கதைகளோடு அயல்நாட்டுக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தபடியே இருந்தார். சுந்தர ராமசாமி எழுதத் தொடங்கிய காலத்திலேயே தகழியின் 'தோட்டியின் மக'னை மொழிபெயர்த்தார். அது நூலாக வந்தது 2000இல்தான். தேர்ந்த எழுத்தாளனின் வாக்கியத்தை இன்னொரு மொழியில் கட்டிப் பார்க்கிறவன், அந்த வாக்கியம் எந்த இடத்தில் பாரம் தாங்குகிறது என்பதைக் கைவழியாகக் கற்கிறான். மேதைகள் பயிற்சி செய்யவில்லை என்பது மேதைகளைப் பற்றிய தவறான தகவல். அவர்கள் அதைப் பயிற்சி என்று பெயரிட்டு அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

"நிறையப் படித்தாலே போதும்" என்பதுதான் இவற்றில் மிகவும் மரியாதையாக ஒலிக்கும் வாதம். படிக்காமல் எழுத முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படிப்பது மட்டும் எழுதக் கற்றுத்தராது. வாசகனுடைய கண் கதையோடு ஓடுகிறது. நல்ல எழுத்து அந்த ஓட்டத்துக்காகவே தன் வேலைப்பாட்டை மறைத்துக்கொள்கிறது. மறைத்ததைக் காண, எழுதிப் பார்க்க வேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஸ்டனில் அண்ணன் அச்சகத்தில் வேலை பழகிய சிறுவன். 'ஸ்பெக்டேட்டர்' இதழ்த் தொகுதி ஒன்று கையில் கிடைத்தது. ஒரு கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஓரிரு சொல்லில் குறித்துக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்புகளிலிருந்து கட்டுரையைத் தம் சொற்களில் திரும்ப எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து எந்த வரிசையில் அடுக்கினால் கட்டுரை நிற்கும் என்று பார்ப்பார். உரைநடையைச் செய்யுளாக்கி, செய்யுளை மறுபடி உரைநடையாக்குவார். தன்வரலாற்றில் அவரே சொல்லும் செய்தி இது. பள்ளிக்கூடப் படிப்பு இரண்டாண்டோடு நின்றுபோன பையன் அவர்.

இதை அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையில் செய்து பாருங்கள். பிழைப்புத் தேடி வந்தவன் சினிமாக் கம்பெனி அலுவலகத்தில் புலியாகவே மாறிக் காட்டும் கட்டத்தைப் படியுங்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். என் வகுப்புக்கு வந்த மாணவர்கள் எழுதியதில் உடல் நடுங்கியது, கண்கள் கனலாயின, அறையே உறைந்தது. பிறகு மூலத்தைத் திறந்தால், அவர் எவ்வளவு அடக்கமாக அதைச் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. நம் நினைவு சேர்த்துக்கொண்ட ஆரவாரம் அங்கே இல்லை. அந்தக் கதையைப் பலமுறை படித்திருந்தவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது.

தமிழில் எழுதுகிறவனுக்குப் பயிற்சி மற்ற பல மொழிக்காரர்களைவிடக் கூடுதலாகவே தேவை. இதை யாரும் பேசுவதில்லை. நாம் பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் வேறொன்று. எழுத்துத் தமிழைத் தாய்மடியில் யாரும் கற்கவில்லை. பேச்சோடு பிறந்தவன்கூடப் பள்ளிக்கூடத்தில்தான் அதைப் பெறுகிறான். அப்படியிருக்க எழுத்து எப்படிப் பிறவியில் வரும்? புதிதாக எழுதுகிறவரின் கதையில் டீக்கடைக்காரரும், "நீ எங்கே சென்று கொண்டிருக்கிறாய்?" என்றுதான் கேட்கிறார். எழுதியவருக்குக் காது இல்லை என்பதல்ல பொருள். கேட்டதைத் தாளில் இறக்கும் வழி யாரும் காட்டவில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது. பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்று காதில் விழுவதை அப்படியே எழுத வேண்டும். அதில் எவ்வளவை வைத்துக்கொண்டால் ஆள் தெரிகிறார், எவ்வளவைக் கடந்தால் படிக்கத் தடுக்குகிறது என்று வெட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கடன் கேட்கும் ஒரே செய்தியை நான்கு பேர் வாயில் வைக்க வேண்டும்: திருநெல்வேலி அண்ணாச்சி, கோயம்புத்தூர் மில் தொழிலாளி, மருமகனிடம் கேட்கும் மாமியார், அதிகாரியிடம் கேட்கும் கடைநிலை ஊழியர். நான்கிலும் வேறு சொல், வேறு தயக்கம், வேறு மரியாதை. கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாகவே தொகுத்த கி.ராஜநாராயணன் செய்ததும் இந்த வகை உழைப்புத்தான். அவர் கதைகளில் பேச்சு தானாகப் பொங்கி வந்தது என்று சொல்வது, அவர் ஊர் ஊராகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்த காலத்தை அழித்துவிடுகிறது.

பயிற்சி எல்லாரையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என்று அஞ்சுகிறவர்களிடம், பயிற்சியே இல்லாமல் எழுதப்படுபவற்றைப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு போட்டிக்கு வரும் கதைக் கட்டைப் பிரித்தால் பாதிக் கதைகள் அலாரம் அடித்துக் கண்விழிப்பதில் தொடங்குகின்றன. மழை என்றால் மண்வாசனை, கிழவி என்றால் சுருக்கம் விழுந்த முகம், வறுமை என்றால் ஓட்டைக் கூரை. இவர்களை யாரும் எந்தப் பட்டறையிலும் கெடுக்கவில்லை. மனத்தில் முதலில் வந்ததை எழுதினார்கள். முதலில் வருவது எப்போதும் அடுத்தவர் எழுதி நம் மனத்தில் படிந்தது. அந்த முதல் வாக்கியத்தைத் தடுத்து நிறுத்துவதுதான் கட்டுப்பாட்டின் வேலை. துயரத்தை எழுது, ஆனால் சோகம், கண்ணீர், அழுகை என்ற சொற்கள் கூடாது, முகமும் கூடாது, கை மட்டும் தெரியலாம் என்று சொல்லிப் பாருங்கள். "அம்மா மிகவும் சோகமாக இருந்தாள்" என்று எழுதியவர் வழியில்லாமல் தேடத் தொடங்குவார். அரை மணியில் இப்படி ஒன்று வரும்: "அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கிய கல்லை மறுபடி முறத்திலேயே போட்டாள்." இது அவருடைய வாக்கியம். அவர் வீட்டில், அவர் கண்ணால் பார்த்தது. விதி அவருடைய தனித்தன்மையைப் பறிக்கவில்லை. இரவல் வாங்கிய சொல்லைப் பறித்தது, அதன் பின்னால் இருந்தது வெளியே வந்தது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் குவெனோ 1947இல் வெளியிட்ட 'நடைப் பயிற்சிகள்' நூலில், பேருந்தில் நடக்கும் அற்பமான ஒரு சச்சரவை 99 விதமாகச் சொன்னார். அவரும் நண்பர்களும் 1960இல் தொடங்கிய உலிப்போ குழுவில் பின்னர் சேர்ந்த ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் 'e' என்ற எழுத்தே இல்லாமல் 1969இல் ஒரு முழு நாவல் எழுதினார். போரில் தந்தையையும் நாஜி வதைமுகாமில் தாயையும் இழந்தவர் அவர். இல்லாமல் போன ஓர் எழுத்தைச் சுற்றி அவர் எழுதியதை வெறும் சொல் விளையாட்டு என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். நிரோட்டகம் பாடிய நாட்டில் இருந்துகொண்டு நாம்தான் இதை விந்தையாகப் பார்க்கிறோம். நம் சினிமாப் பாட்டே கண்முன் இருக்கிறது. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைக் கொடுத்துவிடுவார். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில், கதையின் நிலைமை வேறு, அன்று மாலைக்குள் பாட்டும் வேண்டும். கண்ணதாசனும் வாலியும் அந்த நெருக்கடிக்குள் எழுதியவற்றைத்தான் தமிழ்நாடு மூன்று தலைமுறையாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

இந்த வரம் என்ற கொள்கை இலக்கிய விவாதமாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. அது சில பேரை வாசலிலேயே நிறுத்துகிறது. வீட்டில் புத்தக அலமாரி இருந்து, பேச்சில் கவிதை புழங்கி, எழுதியதைப் படித்துத் திருத்த ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்த பிள்ளைக்குப் பயிற்சி சத்தமில்லாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அது நன்றாக எழுதும்போது, பிறவியிலேயே வந்தது என்கிறோம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்த வீடு இல்லை. பள்ளியில் அதற்குக் கிடைத்தது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. உரைநூலில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்து, பொங்கலைப் பற்றியும் நூலகத்தைப் பற்றியும் தேர்வில் இறக்கிவைத்தது. தன் ஊரைப் பற்றித் தன் சொல்லில் ஒரு பத்தி எழுத அதை யாரும் கேட்டதில்லை. பதினெட்டு வயதில் தட்டுத்தடுமாறி ஒரு கதையை எழுதிக்கொண்டு வந்து நிற்கும்போது, "உள்ளே இருந்தால் வரும்" என்கிறோம். தனக்குள் இல்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. பரம்பரையாக வந்த வசதிக்கு வரம் என்று பெயர் வைத்துவிட்டு, அந்த வசதி இல்லாதவரைத் திறமை இல்லாதவர் என்று அனுப்பிவைக்கிறோம்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை அப்படி அனுப்பவில்லை. தம்மை நாடி வந்தவர்களிடம் பொருள் எதிர்பாராமல் பாடம் சொன்னவர் அவர். சவேரிநாதர் என்ற கிறித்தவரும் நாகூர் குலாம் காதிறு நாவலர் என்ற முஸ்லிமும் அவரிடம் படித்தார்கள். வந்தவர்களுக்குள் கவித்துவம் உறங்குகிறதா என்று தேர்வு வைத்துத் தள்ளாமல், உட்காரவைத்துப் பாடம் சொன்னார்.

பட்டறை என்ற பெயரில் நடப்பதையெல்லாம் நான் ஆதரிக்கவில்லை. ஒரு நாளில் எழுத்தாளராகலாம் என்று பணம் வாங்கிச் சான்றிதழ் கொடுப்பது மோசடி. ஆங்கிலப் பட்டியலை அப்படியே பெயர்த்து, ஜன்னலுக்கு வெளியே பனி பொழிவதை விழுப்புரத்துப் பிள்ளையை எழுதச் சொல்வது பயிற்சி ஆகாது. கொடுக்கும் பயிற்சி எந்தக் குறையைச் சரிசெய்ய என்று கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதியதை ஒருவர் வரிவரியாகப் படித்து, எங்கே தளர்கிறது என்று காட்ட வேண்டும். அதையே மறுபடி எழுத வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நேரம்தான் வீணாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பயிற்சியில் எழுதியதை வெளியிடக் கூடாது. எழுதிய மறுநிமிடம் முகநூலில் ஏற்றி விருப்பக்குறிகளை எண்ணுகிறவருக்குப் பயிற்சியால் பயன் இல்லை. அவர் பாராட்டுக்குப் பழகுகிறார். சரளி வரிசையை யாரும் கச்சேரியில் வாசிப்பதில்லை.

திறமையில் ஏற்றத்தாழ்வு இல்லையா என்றால், உண்டு. எல்லாரும் புதுமைப்பித்தன் ஆகிவிட முடியாது. ஆனால் யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பழகுவதற்கு முன்னால் அளக்க எவரிடமும் கோல் இல்லை. முதல் கதையைப் படித்துவிட்டு ஆளைத் தீர்மானிக்கும் விமர்சகரிடமும் இல்லை, பத்திரிகை ஆசிரியரிடமும் இல்லை.

எழுத்தாளர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் இளைஞர் தம் கையெழுத்துப்படியோடு உங்களிடம் வரும்போது, இவருக்கு வருமா வராதா என்ற தீர்ப்பைச் சொல்லாதீர்கள். அதில் ஒரு பக்கத்தை எடுங்கள். இதை அம்மாவின் வாயிலாக எழுதிப் பார், இதில் பெயரடைகளை எல்லாம் எடுத்துவிட்டு எழுதிப் பார், இந்த இரண்டு பக்கத்தைப் பத்து வரியில் சொல்லிப் பார் என்று ஏதாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லி, அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் கொண்டுவந்தால், உட்கார்ந்து படியுங்கள்.